பலகைப் பெயரும் வாய்ப்பெயரும்: சென்னையின் புதிய பூங்காக்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை கதீட்ரல் சாலையில் எதிரெதிரே இரண்டு அரசுப் பூங்காக்கள் இருக்கின்றன. ஒன்று, 2010 நவம்பர் 24 அன்று திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா. மற்றொன்று, 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, 2011 ஜனவரியில் திறந்த தொல்காப்பியப் பூங்கா. நெருக்கியடித்து வாழும் ஒரு நகரத்துக்கு 15 ஆண்டுகளுக்குள் கிடைத்த பெரிய பசுமை வெளிகள் இவை. மூன்றுக்கும் பெயர் வந்த வழி ஒன்றுதான்: அரசு முடிவு செய்தது, திறப்பு விழாக் கல்வெட்டில் பொறித்தது. ஆனால் மூன்று பெயர்களும் ஊர் வாயில் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஒன்று இயல்பாக ஒட்டிக்கொண்டது. ஒன்று இன்னொரு பெயருடன் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல இன்னும் காலம் போதாது. ஏன் இப்படி என்று பார்ப்பதும், அடுத்து வரும் பூங்காக்களுக்கு எப்படிப் பெயர் வைக்கலாம் என்று கேட்பதும்தான் இந்த ஆய்வு.

பூங்காவின் பெயர் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் சொல்வது அது. ‘சாயந்தரம் எங்கே பார்க்கலாம்’ என்று தோழியிடம் சொல்வது அது. ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது என்று மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லும்போது முதலில் கேட்கப்படுவதும் அதுதான். பொதுமக்களின் சொத்துக்குப் பொதுமக்கள் வாயில் நிற்கும் பெயர் வேண்டும்.

பழைய கணக்கு

சென்னையில் பூங்காவுக்குப் பெயர் வைப்பது எப்போதுமே ஆட்சியில் இருப்பவர்களின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. 1859-இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் ஒரு பூங்கா அமைத்தார். பெயர் ‘பீப்பிள்ஸ் பார்க்’, மக்கள் பூங்கா. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. அங்கிருந்த உயிரியல் பூங்காவும் 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது. பூங்கா கரைந்து போனது. பெயர் மட்டும் பிழைத்தது. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று நாள்தோறும் லட்சம் வாய்கள் சொல்வது அந்தக் காணாமல் போன பூங்காவைத்தான். நிலத்தைக் காப்பாற்ற முடியாத நகரம் பெயரையாவது வைத்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு பெயரின் ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று சென்னையில் இல்லை.

1920-களில் நீதிக்கட்சிக் காலத்தில், நீண்ட ஏரியின் படுகையைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. நகருக்குப் பிட்டி தியாகராயரின் பெயர், நடுவிலிருந்த பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர், இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் சி. நடேசனாரின் பெயர். ஒரு கட்சி தன் முன்னோடிகளின் நினைவை மண்ணில் வரைந்து வைத்தது என்றே சொல்லலாம். நூறாண்டு ஆகப் போகிறது. பனகல் பார்க்கில் புடவை எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குப் பனகல் அரசர் யாரென்று தெரியும்? ஆனால் பெயர் அசையவில்லை. இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ரயில் நிலையத்துக்கும் அதே பெயர் போகிறது. அரசியல் தலைவர் பெயர் என்பதாலேயே மக்கள் தள்ளிவிடுவார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது. சுருக்கமாக இருந்தது, அந்த இடத்துக்கு அது ஒன்றே பெயராக இருந்தது, இடமும் ஊரின் நடுவாக வளர்ந்தது. அதனால் நின்றது.

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனைத் தொடங்கிய, ஆந்திர பத்திரிகையை நடத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் அது. அந்த வட்டாரத்திலேயே இயங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனத்துக்கும் பூங்காவுக்கும் உள்ள பக்கத்துவீட்டு உறவைச் சுற்றுவட்டாரத்தில் பழையவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இடத்துக்கும் ஆளுக்கும் தொடர்பு இருந்தால் பெயருக்குத் தனியாக விளக்கம் தேவைப்படுவதில்லை.

பெயர் மாற்றிய பூங்காக்களின் கதை வேறு. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. காரணம் நியாயமானது, தொடர்பும் உண்மையானது. ஆனாலும் அந்த நாளைப் பற்றி எழுதுகிற எவரும் ‘ராபின்சன் பூங்கா’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிகழ்ச்சி நடந்தபோது அதுதான் பெயர். சிந்தாதிரிப்பேட்டை நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆனது. ஆளுநர் நேப்பியரின் பெயரைக் கூவம் முகத்துவாரப் பாலம் இன்னும் சுமக்கிறது. பூங்காவிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டது. அதற்குக் காரணம் ஒவ்வோர் ஆண்டும் மே 1 அன்று அங்கே நினைவுச் சின்னத்துக்கு மலர் வைக்கிறார்கள், தொழிற்சங்கத்தினர் கூடுகிறார்கள். பெயருக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை இருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்த நகரத்தில்தான் என்பதும் அந்தப் பெயருக்கு வேர் கொடுக்கிறது.

எதிர்ப்பக்கச் சான்றும் ஒன்று உண்டு. அண்ணா நகரில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கோபுரம் எழுந்த பூங்காவின் முறையான பெயர் டாக்டர் விசுவேசுவரய்யா பூங்கா. யாரிடம் கேட்டாலும் ‘டவர் பார்க்’. மெட்ரோ நிலையத்தின் பெயரும் அண்ணா நகர் டவர். கண்ணுக்கு முன்னால் அவ்வளவு உயரமாக ஒன்று நிற்கும்போது வேறு பெயர் தங்காது. கே.கே. நகர் சிவன் பூங்காவும் அங்கிருக்கும் சிவன் சிலையை வைத்து ஊர் சொன்ன பெயர்தான்.

செம்மொழி: ஏன் ஒட்டியது

செம்மொழிப் பூங்காவின் நிலத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த இடம். அங்கே 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் நடந்தது. காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது ‘டிரைவ்-இன்’. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு நிலம் அரசிடம் திரும்பியது, 2008-இல் உணவகம் மூடப்பட்டது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது; அதே ஆண்டு நவம்பரில் பூங்கா திறந்தது. பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

ஒரு தாவரவியல் தோட்டத்துக்கும் மொழித் தகுதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் பெயர் நின்றது. காரணங்களை இப்படிப் பார்க்கிறேன். உணவகம் போனதும் ‘டிரைவ்-இன்’ என்ற பழைய பெயருக்கு அங்கே ஆதாரம் இல்லாமல் போயிற்று. போட்டிப் பெயர் கிடையாது. கட்டணச் சீட்டு வாங்கினால் எவரும் உள்ளே போகலாம் என்பதால் பூங்கா முதல் நாளிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. காலையில் நடப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், திருமணப் படம் எடுப்பவர்கள் என்று எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மலர்க் கண்காட்சியும் அங்கே வந்தது. பெயர் எந்த ஒரு மனிதருக்கும் உரியதாக இல்லாததால், 2011-இல் ஆட்சி மாறிய பிறகும் புழக்கத்திலிருந்து போகவில்லை.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்றுண்டு. அந்த மாநாடு நடந்தது கோவையில். அங்கேயே செம்மொழிப் பூங்கா அமைப்பதாக அப்போதே அறிவித்தார்கள். சென்னையில் சில மாதங்களில் பூங்கா திறந்துவிட்டது. கோவை காந்திபுரத்தில், பழைய மத்தியச் சிறை வளாகத்தில், 45 ஏக்கரில் பூங்கா திறந்தது 2025 நவம்பரில். பெயருக்கு உண்மையான உரிமை உள்ள ஊர் 15 ஆண்டு காத்திருந்தது. இப்போது ஒரே மாநிலத்தில் ஒரே பெயரில் இரண்டு பூங்காக்கள், இரண்டும் பெருநகரங்களில். கோவைக்காரர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னைக்கு மட்டும் வேறொரு நல்ல பெயர் கிடைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

தொல்காப்பியம்: நல்ல பெயர், தாமதமான பெயர்

அடையாற்றுக் கழிமுகப் பூங்காதான் இந்த மூன்றில் கூர்ந்து பார்க்க வேண்டியது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தை மீட்டு, நீர் புழங்கும் பாதைகளைத் திறந்து, இந்த மண்ணுக்குரிய மரங்களையும் கண்டல் செடிகளையும் நட்டு உருவாக்கிய இடம் அது. இப்பணிக்காக அமைத்த அமைப்பின் பெயரே ‘அடையாறு பூங்கா அறக்கட்டளை’ (அதுதான் பிறகு சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது). ஆண்டுக்கணக்கில் செய்திகளிலும் வழக்குகளிலும் சூழல் ஆர்வலர்களின் பேச்சிலும் ஓடியது ‘அடையாறு பூங்கா’ என்ற சொல்தான். திறப்பு நாளில் ‘தொல்காப்பியப் பூங்கா’ என்ற பெயர் வந்தபோது, ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் பழகிவிட்டிருந்தது.

பெயர் பொருந்தாதது என்று சொல்லவே மாட்டேன். உண்மையில் மூன்றிலும் ஆழமான பொருத்தம் இதற்குத்தான். நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் பறவையையும் பொழுதையும் கருப்பொருள், முதற்பொருள் என்று இலக்கணமாக வகுத்த நூல் தொல்காப்பியம். ஓர் இடத்தின் மண்ணும் நீரும் உயிரும் மனிதரும் ஒன்றோடொன்று பின்னியவை என்று சொன்ன நூலின் பெயர், ஒரு சூழல் மீட்பு நிலத்துக்கு அமைவது அழகு. கழிமுகமோ நெய்தல் நிலம். நாரையும் கண்டலும் அலையாத்தியும் அந்தத் திணைக்குரியவை.

அப்படியிருந்தும் மக்கள் வாயில் அடையாறு பூங்கா, ஈகோ பார்க், தொல்காப்பியப் பூங்கா என்று மூன்றும் புழங்குகின்றன. ஆளைப் பொறுத்து, செய்தித்தாளைப் பொறுத்து, ஆட்சியைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. முதல் காரணம் நான் சொன்ன தாமதம். இரண்டாவது, பூங்கா நீண்ட காலம் எல்லோரும் நினைத்தபோது நுழையும் இடமாக இல்லை. பறவைகளுக்கும் நாற்றுகளுக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவோடு, பள்ளி மாணவர் குழுக்களுக்கு முன்னுரிமை தந்து நடத்தினார்கள். சூழலியல் நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் கால் படாத இடத்தின் பெயர் வாயில் படாது. மூன்றாவது, அந்தப் பெயர் ஏன் அங்கே பொருந்துகிறது என்பதை யாரும் மக்களோடு பேசிப் பகிர்ந்துகொள்ளவில்லை. முடிவெடுப்பதற்கு ஆறு மாதம் முன்பு, சுற்றியுள்ள பள்ளிகளில் ‘இந்த நிலம் எந்தத் திணை, என்ன பெயர் வைக்கலாம்’ என்று கேட்டிருந்தால், பிள்ளைகளே ‘நெய்தல்’ என்ற சொல்லில் வந்து நின்றிருப்பார்கள், அல்லது தொல்காப்பியத்தின் பெயரையே தங்கள் பெயராகச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். எந்த முடிவு வந்திருந்தாலும் அதற்கு வேர் இருந்திருக்கும்.

நூற்றாண்டுப் பெயர்

கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா சுமார் 6 ஏக்கர். தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து அரசு மீட்ட நிலத்தில், சுமார் 46 கோடி ரூபாய் செலவில் எழுந்தது. செம்மொழி, தொல்காப்பியம் என்ற இரண்டு பெயர்களையும் தந்த ஆட்சியின் முதல்வருக்கு அதே சாலையில் நினைவு அமைவதில் இயல்பு இருக்கிறது. இரண்டு பூங்காக்களைத் திறந்தவரும் அவர்தான்.

இங்கே சிக்கல் பெயருக்குரியவரைப் பற்றியது அல்ல, பெயரின் பயனைப் பற்றியது. அதே காலத்தில் கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று வரிசையாக வந்தன. வெளியூர் பஸ்ஸுக்குப் போகிறவர் ‘கிளாம்பாக்கம்’ என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ‘கிண்டி’ என்கிறார். நீளமான பெயர் பலவற்றுக்குப் பொதுவாகும்போது, வேறுபடுத்திக் காட்டும் வேலையை ஊர்ப்பெயர் எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் ஊராட்சிகள்தோறும் ‘அம்மா பூங்கா’ அமைந்தபோதும் இதே நிலைதான். அங்கே அது ஒரு திட்டத்தின் பெயர், எந்த ஊர்ப் பூங்கா என்று சேர்த்துச் சொன்னால்தான் புரியும். ஒரு தலைவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால், ஒரே ஓர் இடத்துக்கு, அவர் வாழ்வோடு தொட்ட இடத்துக்கு, சுருக்கமாகப் பெயர் வைப்பதே நிலைக்கும் என்பதைப் பனகல் பார்க் காட்டுகிறது.

பெயரே இல்லாத பூங்காக்கள்

மேலே சொன்னவை எல்லாம் விழா எடுத்துத் திறந்த பூங்காக்கள். உண்மையில் சென்னைக்குப் புதிதாகக் கிடைக்கும் பெரும்பாலான பூங்காக்கள் வேறு வழியில் வருகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ அடுக்குமாடித் திட்டமோ வந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். மாநகராட்சி அதில் நடைபாதை போட்டு, ஊஞ்சலும் சறுக்கும் வைத்து, வேலி கட்டித் திறக்கும். பலகையில் என்ன எழுதியிருக்கும்? ‘ஓ.எஸ்.ஆர். பூங்கா, இரண்டாவது பிரதான சாலை.’

ஒரு கட்டட விதியின் சுருக்கெழுத்து குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்துக்குப் பெயராக நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மக்கள் ‘தண்ணி டேங்க் பார்க்’, ‘பிள்ளையார் கோயில் பார்க்’ என்று தாங்களாக ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. சேர்ந்தவை ஏரிகளும் மேய்ச்சல் நிலங்களும் தோப்புகளும் நிறைந்த ஊர்கள். ஒவ்வொரு குட்டைக்கும் மேட்டுக்கும் பெயர் இருந்தது. வயல் வரைபடங்களிலும் கிராமப் பதிவேடுகளிலும், எழுபது எண்பது வயதானவர்களின் நினைவிலும் அவை இன்னும் இருக்கின்றன. மனைப்பிரிவுகள் வந்தபோது அவற்றின் மேல் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்கள் விழுந்தன.

பழைய சென்னையில் பெயர்தான் நிலத்தின் நினைவைக் காத்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டில் நின்றால் ஏரி தெரியாது. அங்கே ஏரி இருந்தது என்பது மட்டும் தெரியும். நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் ரோடும் அப்படியே. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் ஏன் நீர் நிற்கிறது என்பதற்கு இந்தப் பெயர்களில் பாதி விடை இருக்கிறது. சேத்துப்பட்டு ஏரியைச் சீரமைத்துத் திறந்த பசுமைப் பூங்காவும், பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்காவும் இடத்தின் பெயரையே தாங்கியது இந்த வகையில் நல்ல முடிவு. நீர்நிலையின் பெயர் பலகையில் இருக்கும்வரை, அதை மூடிவிட்டு ‘இது வெறும் நிலம்’ என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

வேறோர் ஊரில்

சிகாகோ பூங்கா வாரியம் புதிய பூங்காவுக்கு முதலில் ஓர் எண்ணைத்தான் தருகிறது. பெயர் முன்மொழிவு வந்தால் பொதுமக்கள் கருத்துக்காக 45 நாள் அறிவிப்பு. அதன் பிறகுதான் வாரிய வாக்கெடுப்பு. அங்கே அடிமை முறைக்குத் துணைநின்ற அரசியல்வாதி ஸ்டீபன் டக்ளஸின் பெயரில் ஒரு பெரிய பூங்கா இருந்தது. பள்ளி மாணவர்கள் சில ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2020-இல் அதை அடிமை முறையை எதிர்த்த பிரெடரிக் டக்ளஸ், அவருடைய மனைவி அன்னா இருவர் பெயரிலும் மாற்றவைத்தார்கள். இரண்டு குடும்பப் பெயர்களுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அன்னாவும் கணவரோடு சேர்ந்து அந்தப் போராட்டத்தைச் சுமந்தவர் என்பதால் அவர் பெயரும் சேர்ந்தது. 45 நாள் காத்திருப்பு எந்தத் திறப்பு விழாவையும் கெடுத்துவிடாது. சென்னையில் இதைச் செய்யத் தடை எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரையில் இதுவரை வந்த சென்னைப் பூங்காக்களில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கவில்லை. பூங்காக்களில் காலையும் மாலையும் நடப்பவர்களில், பிள்ளைகளைக் கூட்டி வருபவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அந்த வட்டாரத்தில் ஒரு பூங்கா அமைவதற்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. நாகேஸ்வர ராவ் பூங்காவைப் போல இடமே சாட்சி சொல்லும்.

செய்யக் கூடியது

சென்னையின் 200 வார்டுகளிலும் இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இருக்கின்றன. ஓ.எஸ்.ஆர். நிலம் மாநகராட்சிக்கு வந்த நாளிலேயே, பூங்கா வேலைக்கு ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே, அந்த இடத்தின் பழைய பெயர் என்ன என்பதைப் பதிவேட்டில் பார்த்து எழுதி, பகுதி சபையில் வைக்கலாம். ஊர்ப்பெயர், நீர்நிலைப் பெயர், அங்கே நிற்கும் மரத்தின் பெயர், அந்த வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்த ஆசிரியர், மருத்துவர், தொழிலாளர் தலைவர் என்று முன்மொழிவுகள் வரட்டும். உயிரோடு இருப்பவர் பெயர் வேண்டாம்; சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம். தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை 1978-இலேயே நீக்கிய ஊர் இது. 2025 அக்டோபரிலும் தெரு, குடியிருப்பு, நீர்நிலைப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்திருக்கிறது, அதன் மேல் வழக்கும் எழுந்திருக்கிறது. புதிதாக வைக்கும் பெயரில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. முன்மொழிவுகளைப் பூங்கா வாசலிலும் வார்டு அலுவலகத்திலும் 45 நாள் ஒட்டி வைத்து, வந்த கருத்துகளோடு மன்றத் தீர்மானத்துக்குக் கொண்டுபோகலாம். பெயர் முடிவானதும் பலகையில் இரண்டு வரி விளக்கமும், 1913 புகார்ப் பதிவேட்டிலும் வரைபடத்திலும் அதே பெயரும் இருக்க வேண்டும். கவுன்சிலர் சம்மதித்தால் இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

பெரிய பூங்காவுக்கான வாய்ப்பும் முன்னால் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து, சுமார் 160 ஏக்கரைக் கையகப்படுத்தி, அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் போகாமல் தேக்கக் குளங்களும் அங்கே வெட்டப்பட்டன. ஒருகாலத்துப் பீப்பிள்ஸ் பார்க்கின் அளவுக்கு ஒரு பொது நிலம் இந்த நகரத்துக்கு மறுபடி கிடைக்கக் கூடும். வழக்குகள் முடிந்து வேலை தொடங்கும் நாளில், வரைபடம் தயாராகும்போதே பெயருக்கான கேள்வியையும் மக்களிடம் வைக்க வேண்டும். கிண்டி, ஆலந்தூர், சைதாப்பேட்டை, வேளச்சேரிப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.